பிரேக் காயும் தூரம்

நைனா விட்டுப்போன பழைய காரின் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் மாற்ற, செஞ்சிப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். பழைய டிரம்மைக் கழற்றியதும் கருகிய லைனரின் நெடி எழுந்தது.

"இன்னாண்ணா, பிரேக்குல இருந்து கால எடுக்காமலே ஓட்டுவாரா உங்க நைனா?" என்று சிரித்தார் மெக்கானிக்.

அந்தப் பழக்கம் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மழைக்காலத்தில் பனமலை ஏரி வழிந்து சாலையை மூடும். தண்ணீரைத் தாண்டியதும் நைனா பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஊர்வார். நனைந்த டிரம் காய்ந்தால்தான் பிரேக் பிடிக்கும்.

"நடந்திருந்தாகூட இந்நேரம் ஊட்டுக்குப் போயிருக்கலாம்" என்று அம்மா பின்சீட்டிலிருந்து கேலி செய்வாள்.

அந்த வருஷ மழையில், நிறைமாதமாயிருந்த அவளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். "சீக்கிரம் போய்யா" என்று கதறினாள். அன்றைக்கு மட்டும் ஏரித் தண்ணீரைத் தாண்டியும் நைனா ஊரவில்லை. வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடிக்கவில்லை. ஒடித்துத் திருப்பிய கார் புளியமரத்தில் மோதியது. முன்சீட்டில் இருந்த நாங்கள் இருவரும் பிழைத்தோம். அம்மாவும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு கத்திரி வெயிலிலும் பிரேக்கை மிதித்தபடியேதான் ஓட்டினார். கார் முழுக்க இந்த நெடிதான்.

"ரோடு காஞ்சிதான நைனா கெடக்குது?" என்பேன்.

"இருக்கட்டும்பா" என்பார்.

வேலை முடித்து மெக்கானிக் சாவியைத் தந்தார். "இனிமே தண்ணில எறங்கி ஏறுனாலும் உடனே புடிக்கும்ணா."

கோட்டை மலையடியில் சாலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வீடு வரும்வரை என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.