பசியில்லை என்று எழுதினேன்

எண்பதுகளில் செங்கம் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். பதினெட்டுக் கட்டில், இரண்டு ஆயா, நர்ஸ் என்று நான் ஒருத்திதான். உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்த ஞாபகமே இல்லை.

சுவரோரக் கட்டிலில் ஒரு அம்மா. பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்தியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஆயா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவாள், அரை மணியில் வந்து எடுப்பாள். தட்டு அப்படியே இருக்கும். டம்ளரில் கொடுக்கும் காபி, கஞ்சி மட்டும் உள்ளே போகும். நான் நோட்டில் 'பசியில்லை' என்று எழுதுவேன். இடது கைதான் நன்றாக இருக்கிறதே, வேண்டுமானால் சாப்பிடமாட்டாரா என்று நினைப்பு. நல்ல நினைப்பு, போங்கள்! எட்டு நாள் அப்படியே எழுதினேன்.

ஒன்பதாம் நாள் புடவை மாற்றத் தூக்கினேன். கனமே இல்லை.

"ஏம்மா, உங்களுக்குப் பசிக்கவே இல்லியா?"

"பசிக்காம என்ன சிஸ்டர்? எத்தினி பேருக்கு எல போட்டவ நானு. வெளிக்குப் போயி கால் கழுவுற கையால சோத்தத் தொடுவேனா?"

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் ஒரு நிமிஷம் நிக்கறதில்லியே."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிசைந்து ஊட்டினேன். அவர் நிதானமாக மென்றார்; எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை, மூன்று கட்டிலிலிருந்து கூப்பிடுகிறார்கள். "இனிமே நானே வந்து ஊட்டறேம்மா" என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் போய் இன்னொரு ஆயா வேண்டும் என்று கத்தினேன்.

"தீபத் திருவிழா முடியட்டும்மா, பாக்கலாம்" என்றார்.

தீபத்தன்று இருந்த ஆயாக்களும் வரவில்லை. மத்தியானம் அந்த அம்மா பக்கத்தில் தட்டை வைத்து, "தோ வந்துட்டேன்" என்றேன். அதற்குள் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தார். இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு. சாயந்திரம் மலையில் தீபம் ஏற்றி, தெருவெல்லாம் அரோகரா என்று கத்தியபோதுதான் தட்டு ஞாபகம் வந்தது. பாவி நான், ஓடினேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, காய்ந்த சோற்றை இடது கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் போர்வைக்குள் ஒளித்தார்.

"பாக்காதீங்க சிஸ்டர். போயிடுங்க."

போய்விட்டேன். நோட்டைத் திறந்து 'சாப்பிட்டார்' என்று எழுதினேன்.