துரைராசுவின் முதலை

ஒரு கையால் பாய்லர் குழாயைத் திறந்து வெந்நீர் பிடித்துக்கொண்டே, மறு கையால் கைலியை முழங்கால்வரை தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார் துரைராசு.

"நல்லா பாத்துக்குங்க. மேல இருக்கறது மேல்தாடை. கீழ இருக்கறது கீழ்த்தாடை. நடுவுல இருக்கறதுதான் என் காலு."

கார் நிறுத்தி டீ குடிக்க வந்த வெளியூர்க்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார். கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குத் தடித்துக் கிடந்த தழும்பு, திறந்த வாய் மாதிரியே வளைந்திருந்தது. திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரை போகிற சாலையில் அவருடைய கடை. கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கோடையில் அந்த முதலை நடுத்தர அளவில் இருக்கும். மேட்டூர் அணை திறந்து, ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிற நாட்களில் அதுவும் நீளும். கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் ரத்தத்தைக் குறைத்துச் சொல்வார்.

டீயிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சர்க்கரை எவ்வளவு என்று யாரையும் கேட்க மாட்டார். முகத்தை ஒருமுறை பார்த்து அவரே முடிவு செய்வார். "உங்களுக்கு அரைச் சக்கரை போதும்" என்றால் போதும்தான். எதிர்த்துப் பேசியவருக்கு அதுவும் கிடைக்காது. பக்கத்து அடுப்பில் அவர் மனைவி செவ்வந்தி பஜ்ஜி போடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தழும்பு அரிக்கத் தொடங்கியது. டீயை உயரத் தூக்கி ஆற்றும்போது சரியாக அரிக்கும். ஒற்றைக் காலில் நின்று மறு குதிகாலால் தேய்ப்பார். பாதி டீ கிளாஸிலும் மீதி வாடிக்கையாளர் செருப்பிலும் விழும். எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் உபைதுல்லாதான், தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தழும்புக்குப் புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் செந்தாமரை என்கிற பெண் விவரம் கேட்டாள். காயம் எப்படி வந்தது என்றதும் துரைராசு நிமிர்ந்து உட்கார்ந்து முதலை என்றார். அவள் பேனாவை மூடிவிட்டாள். விலங்கு கடித்த காயங்களை இந்த ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை என்று வருத்தம் தெரிவித்தாள். அண்ணன் முதலையிடமே தப்பித்தவர், அவருக்கு ஒரு களிம்பு தரமாட்டீர்களா என்று உபைதுல்லா வாதாடிப் பார்த்தார். துரைராசுவுக்குக் கால் அரித்தது. உபைதுல்லாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதலை இல்லம்மா."

"அப்புறம் என்னங்க ஐயா?"

"வாத்து."

"வாத்து கடிச்சாலும் விலங்குக் கடிதானுங்களே."

"கடிக்கலம்மா. குறுக்க வந்துச்சு."

அறுவடை முடிந்த வயலில் மேயவிட்ட வாத்துக் கூட்டம் சாலையைக் கடந்த கதையை அன்றுதான் முதல்முறையாக வெளியாள் ஒருவரிடம் சொன்னார். மொபெட்டில் அவரும் பின்னால் செவ்வந்தியும். முதல் வாத்துக்கு வண்டியை ஒடித்தார், இரண்டாவதற்கும் ஒடித்தார், அதற்குப் பிறகு சாலையே வாத்தாக இருந்தது. வாய்க்கால் மதகின் இரும்புத் தகட்டில் கால் கிழிந்தது. வாத்துகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன. சேற்றில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த செவ்வந்தி, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தாராம்.

"இது வெளிய போவாதுல்ல?" என்று கேட்டார். போகாது என்று சொல்லி, இரும்புத் தகடு என்று மட்டும் எழுதிக்கொண்டாள் செந்தாமரை.

டீயோடு திரும்பிவந்த உபைதுல்லா, தன் வாதம்தான் பலித்தது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு டியூப் கொடுத்தார்கள். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. வெள்ளை மூடி தழும்பின் மேல் பாதிக்கு, நீல மூடி கீழ் பாதிக்கு. எதில் மருந்து என்று அவருக்கும் சொல்லவில்லை, பூசிக் காட்டிய செந்தாமரைக்கும் தெரியாது. "டாக்டருக்கே தெரியாதாம்ல" என்று கடையில் பெருமையாகச் சொன்னார். கடை மேல்தாடைக் கட்சி, கீழ்த்தாடைக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. காலையில் பேப்பர் பார்ப்பதற்கு முன் அவர் காலைக் குனிந்து பார்த்தார்கள்.

மாதங்கள் போகப் போக மேல் பாதியில் அரிப்பு நின்றது. பிறகு மேல்தாடையே தட்டையாகி, தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. துரைராசுவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கீழ்த்தாடையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முதலை கடிக்கும்? வெள்ளை மூடி டியூபைப் பூசுவது போலப் பாவனை செய்தார். செவ்வந்தி கண்டுபிடித்துவிட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட பூசறேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. நெருப்புல வெந்தவங்க எத்தனை பேரு இந்த மருந்து வருமான்னு காத்துக் கெடப்பாங்க. உங்க முதலைக்காக அவங்கள ஏமாத்துவீங்களா?" துரைராசு உட்கார்ந்து பூசினார்.

ஒருமுறை மடத்துத் திருவிழாக் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காலைப் படம் எடுக்க செந்தாமரையே கடைக்கு வந்துவிட்டாள். உபைதுல்லா எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார்: "ஏம்மா, முதலைக் கடிக்கே மருந்து இப்படிக் கேக்குதே, மத்த காயமெல்லாம் எம்மாத்திரம்?"

ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது.

"அவரு காயத்தப் பத்தி நான் எதுவும் வெளிய சொல்லக்கூடாதுங்க" என்றாள் அவள். "சட்டம்."

கடைக்கு அது போதுமாக இருந்தது. சட்டம் போட்டு மறைக்கிற அளவுக்கு என்றால் சாதாரண முதலையாக இருக்காது என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அவளுக்கு மட்டும் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார் துரைராசு.

ஆராய்ச்சி முடிந்தது. மருந்து வெள்ளை மூடியில்தான் இருந்தது. கீழ் பாதிக்கும் அதையே கொடுத்தார்கள், அதுவும் அடங்கியது. இப்போது அவர் சொட்டுச் சிந்தாமல் டீ ஆற்றுகிறார். காலில் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் பூம்புகாருக்குப் போகிற வேன் ஒன்று நின்றது. இறங்கியவர்களில் ஒருவர், முதலை கடித்த டீக்கடைக்காரர் இங்கே இருக்கிறாராமே, காலைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். துரைராசுவின் கை பழக்கத்தில் கைலியைத் தூக்கிவிட்டது. வேனே குனிந்து பார்த்தது. ஒன்றும் இல்லை.

"அது வந்துங்க..." என்று இழுத்தார். காது சிவந்துவிட்டது.

செவ்வந்தி கரண்டியை வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து வந்தார். கணவரின் காலருகே குந்தி உட்கார்ந்து, கடலைமாவு அப்பியிருந்த விரலால் கெண்டைக்காலில் மேலிருந்து கீழாக, திறந்த வாய் போல ஒரு பெரிய வளைவு போட்டார். கொஞ்சம் தள்ளி இருந்து பார்த்தார். பிறகு வளைவுக்குள் வரிசையாகப் பல் வைக்க ஆரம்பித்தார்.