வெள்ளிக்கிழமைத் தலையிடி

பத்து வருடத்துக்கு முன், மாதவிலக்கு நிற்கிற காலத்தில் எனக்கு ஒரு பக்கத் தலையிடி வரத் தொடங்கியது. வெளிச்சம் பட்டாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் வந்தது. அன்று எனக்கு விரதம். பின்னேரம் வரை தண்ணீரும் குடிக்கமாட்டேன். அம்மன் ஏதோ குறை கண்டுவிட்டாள் என்று பயந்து, செவ்வாய் விரதமும் பிடித்தேன். தலையிடி இன்னும் கூடியது.

ஒரு செவ்வாய் கண் இருட்டிக் கிணற்றுக் கட்டின் மேல் சாய்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மச்சாள், என் கணவரின் அக்கா, பிடித்து இழுத்திராவிட்டால் உள்ளே விழுந்திருப்பேன். மச்சாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

“மாதவிலக்கு ஒழுங்கா வருதோ அம்மா?” என்று பெண் டொக்டர் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“கிணத்துக்குள்ள விழப் பார்த்தனீர், இதைச் சொல்ல வெக்கமோ?” என்றார் மச்சாள்.

மாதவிலக்கு தப்பித் தப்பி வருவதையும், விரதம் பிடிப்பதையும் மெல்லச் சொன்னேன்.

“இந்த நேரத்தில பட்டினியும் கிடந்தா தலையிடி கூடும். அம்மன் கோவிக்கேல்லை, அம்மா,” என்றார் டொக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து பாலும் பழமும் எடுத்துத்தான் விரதம். தலையிடியும் குறைந்தது. இப்போது கோயிலில் யாராவது பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தால் கிட்டப் போய், “பிள்ளை, ஏதும் சாப்பிட்டனீரோ?” என்கிறேன். பிறகு, டொக்டர் என்னிடம் கேட்டதையும் காதுக்குள் கேட்டுவிடுகிறேன்.