புஷ்பவள்ளியின் பாதி ஆட்டம்

கண்ணை மூடிக்கொண்டு கபடி பார்த்திருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். புஷ்பவள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்கலாம். "பாடிப் போறான்... எடது பக்கம் பார்த்துக்கினே வலது பக்கம் ஒதுங்குறான், ஏமாந்துறாதடா... போனஸ் கோட்டுல கால வச்சிட்டான்... தொடைய புடி, தொடைய புடி! ஐயோ, விலாங்கு மீனு மாதிரி வழுக்கிட்டான்!" இதே ஆட்டத்தை மைதானத்தின் மறுகோடியில் ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பேச்சில் பாதி, நன்கொடையாளர்களின் பெயர். பெண்களுக்கென்று தனியாகக் கயிறு கட்டி ஒதுக்கிய பக்கத்தில் யாரும் அவரைக் கேட்பதில்லை. புஷ்பவள்ளியைத்தான் கேட்கிறார்கள்.

நாற்பது கடந்தவர். கிள்ளையில் ரேஷன் கடை விற்பனையாளர். கடையிலும் வாய் சும்மா இருக்காது. வேலை செய்து ரேகை தேய்ந்துபோன விரலை இயந்திரம் ஏற்காமல் வரிசை நின்றுவிட்டால், எரிச்சலை இப்படித்தான் கரைப்பார்: "தைலம்மாக்கா பாடி வர்றாங்க... கட்ட வெரல வச்சாங்க... மெசினு புடிச்சிச்சா? புடிக்கல! தப்பிச்சிட்டாங்க! சேலையில தொடச்சிக்கினு மறுபடியும் வர்றாங்க!" தைலம்மாள் சிரிப்பார். வரிசையும் சிரிக்கும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு நல்ல ஆட்டத்துக்கு, ஒரு தடவையாவது, மைக்கில் பேச வேண்டும். சிதம்பரத்துக்கு வெளியே நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டியின் கமிட்டியிடம் மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் சுப்பிரமணியன் ஒரே பதிலை வைத்திருந்தார்.

"மைக்குக்கு பூச போட்டுருக்கும்மா. பொம்பள புடிச்சா ஆட்டம் வெளங்காது."

"போன வருசம் ஆம்பளதான மாமா புடிச்சாரு? மழ வந்து ஆட்டமே நின்னுச்சே!"

அந்த மைக்கை நானே பார்த்தேன். அதன் கழுத்தில் குங்குமப் பொட்டு, தண்டில் ஓர் எலுமிச்சம்பழம். மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு ஆண் குரல் எது, பெண் குரல் எது என்று தெரியாது. பொட்டு வைத்த மனிதனுக்குத்தான் தெரியும். அந்தப் பொட்டை வைத்துத்தான் பாதி ஊரை நூற்றாண்டுகளாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு தலைவர் இளவரசு இரங்கினார். "ஃபைனல்ல ரெண்டாவது பாதி நீ பேசு." கிள்ளைக்கும் பண்ருட்டிக்கும் இறுதி ஆட்டம். ஞாயிறு மாலை ஆறு மணி.

தொண்டையைக் காக்க அன்று காலையிலிருந்து புஷ்பவள்ளி பேசவில்லை. குழம்புக்கு உப்பு போதுமா என்பதையும் கை சைகையில்தான் கேட்டார். கணவர் பழனிவேல் பூரித்துப்போனார். "மாசா மாசம் டோர்னமெண்ட் வச்சா கமிட்டிக்கு கோயில் கட்டுவேன்" என்று, ஆட்டம் பார்க்கக் கூடவே வந்த என்னிடம் பேருந்தில் சொன்னார். அதற்கும் ஒரு சைகை கிடைத்தது. அதை எழுத முடியாது.

ஆறு மணி ஆயிற்று. விளக்குகள் எரிந்தன. பண்ருட்டி அணி இறங்கித் தொடை தட்டியது. கிள்ளை அணியைக் காணோம். புஷ்பவள்ளி கேப்டன் செம்பியனுக்குப் போன் போட்டார். அன்று அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எங்கடா இருக்கீங்க?"

"வண்டியிலதான்கா ஒக்காந்திருக்கோம்."

"வண்டி எங்க இருக்கு?"

"கிள்ளையிலதான்கா. இப்பதான் ராவுகாலம் முடிஞ்சுது. தோ, கெளம்பிட்டோம்."

செம்பியன் பொறியியல் பட்டதாரி. கோள்கள் சுற்றும் கணக்கைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ராகு என்று ஒரு கோளே வானத்தில் இல்லை என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். இல்லாத கோளுக்குப் பயந்து ஓர் அணி முழுக்க, இன்ஜினை ஓடவிட்டபடி, தன் தெருவிலேயே உட்கார்ந்திருந்தது.

நடுவர் பொறுத்துப் பார்த்தார். விசில் ஊதினார். ஆடாமலே பண்ருட்டிக்கு வெற்றி. அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டம் போட்டு ஊரைப் பார்த்துப் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், ஹாரன் அடித்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக வந்து இறங்கியது கிள்ளை அணி.

"வாங்கடா மாப்பிள்ளைங்களா! பொண்ண பண்ருட்டிக்காரன் இட்டுக்கினு போயிட்டான்!" என்று ஒரு குரல். மைதானமே சிரித்தது. புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. தொண்டைக்கென்று வாங்கி வந்த கற்கண்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாதிகூட இல்லாமல் போன ஆட்டத்தின் காலிக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையவில்லை. "லைட்ட அணைக்காத! கமிட்டி எறங்கட்டும்!" என்று யாரோ கத்த, அதையே எல்லோரும் கத்தினார்கள். வேறு வழியில்லை. கிள்ளை அணியை எதிர்த்துக் கமிட்டியே களம் இறங்கியது. மைக்குக்காரர் முகத்தைச் சுளித்தார். "கெழடுங்க உருளுறத நான் வர்ணிக்க முடியாது" என்று பரோட்டா சாப்பிடப் போய்விட்டார். மைக் மேசையில் கிடந்தது. தடுக்க வேண்டிய சுப்பிரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்குள் நின்றார்.

புஷ்பவள்ளி கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்தார். மைக்கை எடுத்தார்.

"பாடி வர்றாரு நம்ம செயலாளர் மாமா! வவுறு முன்னாடி வருது, மாமா பின்னாடி வர்றாரு. வவுறு போனஸ் கோட்ட தாண்டிச்சு, காலு இன்னும் வந்து சேரல. நடுவர் அய்யா, வவுத்துக்கு பாயிண்டு உண்டா? தோ, செம்பியன் புடிக்க வர்றான். பயப்படாத தம்பி, ராவுகாலம் முடிஞ்சிருச்சு, தைரியமா புடி!"

செம்பியன் சிரித்துச் சிரித்துப் பிடியை விட்டான். சுப்பிரமணியன் கோட்டைத் தொட்டுவிட்டுக் குப்புற விழுந்து, விழுந்தபடியே கையைத் தூக்கிப் பாயிண்ட் கேட்டார். பழனிவேல் தரையில் அடித்து அடித்துச் சிரித்தார். பெண்கள் எப்போது எழுந்து முன்னால் வந்தார்கள் என்று தெரியாது. கயிறு காலடியில் கிடந்தது.

கடைசியில் சுப்பிரமணியன் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து மைக்குக்குக் கை நீட்டினார். நன்றியுரை. விளக்குக்காரருக்கு நன்றி, தண்ணீர் டேங்கருக்கு நன்றி, பண்ருட்டி அணிக்கும் நன்றி. புஷ்பவள்ளியின் பெயர் வரவில்லை. அவர் பேசி முடித்ததும் நான் விடவில்லை. அடுத்த போட்டிக்காவது இவர் உண்டா என்று கேட்டேன். "கூட்டம் கேட்டா பாக்கலாம்" என்றார்.

பேருந்தில் புஷ்பவள்ளி சொன்னார்: "நா கேட்டது ஃபைனலு. கெடச்சது தமாசு." பிறகு, "ஆனா அந்த வவுறு நல்லாருந்துச்சில்ல?" என்று சிரித்தார். மைக்கில் இருந்த பொட்டு வியர்வையில் கரைந்து அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, மீதிக் கற்கண்டை வாயில் போடாமல் பத்திரமாக முடிந்துகொண்டார்.

அடுத்த மாதம் இதே கமிட்டி கடலூரில் போட்டி நடத்துகிறது. வாருங்கள். இறுதி ஆட்டத்துக்கு முன் மைக்குக்காரர் தொண்டையைச் செருமுவார். அந்த இடைவெளி போதும். எழுந்து நின்று, புஷ்பவள்ளி பேசட்டும் என்று ஒரு குரல் கொடுங்கள்.