நான் பூஜ்யம் போட்ட கட்டுரை

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாக நான் இங்கிலீஷ் வாத்தியார். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கடலைத் தூரத்தில் நின்று பார்த்தாலே போதும் என்கிற ஆள் நான்.

அப்போது எங்கள் ஆட்களில் பலர் ஆப்பிரிக்காவுக்கு வாத்தியார் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால் இன்னார் எத்தியோப்பியா போய்விட்டார், இன்னார் ஜாம்பியா போய்விட்டார் என்பதுதான் பேச்சு. என் மனைவிக்கு அண்ணன் முறையாகிற ஒருவர் நைஜீரியாவிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தார். சொந்தக் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். அவர் என்னோடு வாத்தியார் பயிற்சிக்கு பி.டி. படித்தவர், இங்கிலீஷில் என்னைவிட மார்க் குறைவு. கார்கூடப் பரவாயில்லை, அந்த மார்க் விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பேப்பரில் விளம்பரம் பார்த்து நானும் நைஜீரியாவுக்கு மனுப் போட்டேன். அங்குள்ள அதிகாரிகளே சென்னைக்கு வந்து நேரில் பார்க்கப்போவதாகவும், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வரவேண்டும் என்றும் கடிதம் வந்தது. ஒரிஜினல்கள் பள்ளிக்கூடத்துப் பீரோவில் இருந்தன. வேலையில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தாளாளரிடம் போய்க் கேட்டேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். கோபப்படக்கூட இல்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன். மே மாதக் கடைசியோடு எனக்கு வேலை கிடையாது. வீட்டில் வந்து சொன்னதும் மனைவி, "இன்டர்வியூவுல வேண்டாம்னுட்டா என்ன செய்வோம்?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவனையா வேண்டாம் என்பார்கள் என்று நான் எகிறினேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு நாலு வயசு, சின்னவன் இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை.

இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் பெரிய தபால் ஆபீஸ் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் என்னை நிறுத்தினார். கப்பலிலிருந்து இறங்கி வந்தவர். வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக நான் நின்றது அவருக்கு நம்பிக்கை கொடுத்திருக்க வேண்டும். கடகடவென்று என்னவோ கேட்டார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம் அல்லவா? அதற்குக்கூட வாய் வரவில்லை. அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, கேரியரில் ஒரு கூடை முட்டைக்கோஸை வைத்துக் கட்டிய சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே அந்த இளைஞன் வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் பேசினான். அவர் ஊருக்கு டிரங்க்கால் போட வேண்டுமாம். எந்த ஜன்னல், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லி, நடுவில் ஏதோ கேலியும் பேசிச் சிரிக்கவைத்து, அவரை உள்ளே அனுப்பினான். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், நல்லா இருக்கியளா?" என்றான்.

எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துப் பையன். ஆறு வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இங்கிலீஷில் இரண்டு தடவை பெயில் ஆகி, படிப்பை விட்டுவிட்டுப் போனவன். பெயிலாக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், ஒன்பது வருஷத்தில் நான் ஒரு மனிதனிடமாவது இங்கிலீஷில் பேசியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கிடையாது. வகுப்பில் ஒரு வரி வாசிப்பேன், தமிழில் அர்த்தம் சொல்வேன், கேள்விக்குப் பதிலைப் போர்டில் எழுதிப்போடுவேன். அதைப் பையன்கள் மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதுவார்கள். என் வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். இலக்கணத்தில் எந்த மூலையில் கேட்டாலும் சொல்லுவேன். வாயைத் திறந்து பேசு என்றால் எனக்கு இங்கிலீஷே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் ராஜினாமா கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாம் நாள் மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, அவன் வேலை பார்க்கிற கடையைத் தேடிக்கொண்டு போனேன். பீச் ரோட்டில், கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை, இறைச்சி எல்லாம் சப்ளை செய்கிற கடை. கப்பலுக்குள் போய் என்ன சாமான் வேண்டும் என்று கேட்டு வருவது அவன் பொறுப்பு. என் அத்தை மகன் ஒருவனுக்கு இங்கிலீஷ் பேசிப் பழக வேண்டும் என்று பொய் சொல்லி ஆரம்பித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அத்தை மகனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "நாளைக்கு என்கூடக் கப்பலுக்கு வாரியளா சார்?" என்றான்.

கடைக்கார அண்ணாச்சியிடம் சொல்லி எனக்கும் கடை ஆள் என்று பாஸ் வாங்கினான். கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிற ஏணியில் ஏறும்போது, கீழே தண்ணீரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அது ஒரு கிரேக்கக் கப்பல். சமையல்காரரிடம் என்னை விட்டான். நான் முதல்நாளே தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். தங்களுக்குத் தேவைப்படும் பொருட்களைத் தெரிவித்தருளினால் மிகவும் கடமைப்பட்டவனாவேன் என்கிற மாதிரி, ஒரு பிழை கிடையாது. அவர் அவனைப் பார்த்து, இந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்டார். பிறகு அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் அதே அசட்டுச் சிரிப்போடு தலையை ஆட்டினேன்.

இறங்கி வந்ததும் அவன் மெதுவாகச் சொன்னான். "அவனுக்கும் இது இரவல் பாஷைதான் சார். புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க, திருப்பிக் கேளுங்க. கேட்டா யாரும் அடிக்க மாட்டாவ." என் வகுப்பில் ஒரே சந்தேகத்தை இரண்டாந்தரம் கேட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு பதினோரு தடவை அவனோடு கப்பலுக்குப் போனேன். நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பயம் மட்டும் போகவில்லை. மே மாதம் முடிந்தால் என்ன செய்வது என்கிற நினைப்பு, சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், துறைமுக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். என்மேல் உனக்குக் கோபமே இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவன் டீயை முழுக்கக் குடித்து முடித்தான்.

"பெயிலானதுக்குக் கோவம் இல்ல சார். முத்துக்குளிப்புக் கட்டுரை ஒண்ணு எழுதச் சொன்னியள்லா. எங்கப்பா சொன்னத எழுதுனேன். எல்லாம் தப்புன்னு சிவப்பு மையில அடிச்சுட்டிய. அப்பா சொன்னது பொய் போலன்னு நெனச்சு, வீட்ல போயி அவரைக் கேட்டேன், ஏன் பொய் சொன்னியன்னு." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கப்பறம் அவரு கடலப் பத்தி எங்கிட்டப் பேசுறதில்ல" என்றான்.

எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. முத்துக்குளிப்பைப் பற்றி வருஷா வருஷம் நான் எழுதிப்போடும் கட்டுரை ஒன்று உண்டு. முத்துக்குளிப்பவர் மகிழ்ச்சியோடு கடலில் குதிக்கிறார், உதவியாளர் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார் என்று ஒரு நோட்ஸ் புத்தகத்திலிருந்து எடுத்தது. முத்துக்குளிப்பை நான் கண்ணால் பார்த்தவன் இல்லை. அவன் அப்பா கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம்வரை முங்கியவர், பிறகு சங்கு எடுக்கப் போனவர். இவன் என்ன எழுதியிருந்தான்? என் அப்பா சந்தோஷமாகக் குதிக்கவில்லை, பயத்தோடுதான் இறங்கினார். காதில் ரத்தம் வரும். கயிற்றை என் தாய்மாமா பிடித்திருப்பார். வேறு யாரையும் நம்பமாட்டார்கள். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான். இதையெல்லாம் உடைந்த இங்கிலீஷில் எழுதியிருந்தான். இது கட்டுரை, கதையல்ல என்று ஓரத்தில் எழுதி, நான் பூஜ்யம் போட்டேன்.

சென்னையில் ஒரு ஓட்டலில் இன்டர்வியூ. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்னைவிட நன்றாகப் பேசுவது போலவே எனக்குக் காதில் விழுந்தது. உள்ளே தொளதொளவென்று அங்கி போட்ட ஒரு பெரியவரும், தலையில் துணி கட்டிய ஒரு அம்மாவும் இருந்தார்கள். பெரியவர் கேட்ட முதல் கேள்வியே புரியவில்லை. மன்னிக்க வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இன்னும் கொஞ்சம் மெதுவாக என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, உங்கள் ஊர் ஜனங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

வேறென்ன வரும் எனக்கு? மனப்பாடமாக இருந்த அதே நோட்ஸ் கட்டுரை கடகடவென்று வந்தது. உதவியாளர் கயிற்றைப் பிடிக்கிறார் என்று சொன்னபோது அந்த அம்மா குறுக்கிட்டு, அந்த உதவியாளர் யார், அவரை நம்பி எப்படி ஒருவர் கடலுக்குள் போகிறார் என்று கேட்டார்கள். நோட்ஸில் அதற்குப் பதில் இல்லை. முங்குகிறவருடைய பெண்டாட்டியின் அண்ணன் என்றேன். ஏன் என்றார்கள். அந்தப் பையன் எழுதியிருந்ததையெல்லாம் சொன்னேன். பயத்தை, காது ரத்தத்தை, தாலியை. என் இலக்கணம் எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. அவர்கள் இருவரும் தங்கள் பாஷையில் என்னவோ பேசிக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவுதான், தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மே மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வேலை உத்தரவு வந்தது. மனைவி ஜெபம் பண்ணிவிட்டு அழுதாள். மூத்தவள் எதற்கென்று தெரியாமலே குதித்தாள். எனக்கு மட்டும் சந்தோஷம் உள்ளே இறங்கவில்லை. நான் அடித்துப்போட்ட வரிகளைச் சொல்லித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்திருக்கிறது.

மறுநாள் காலையில் திரேஸ்புரத்துக்குப் போனேன். அவன் வீட்டில்தான் இருந்தான். வாசலில் அவன் அப்பா வலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொல்லி, உங்கள் மகன் எழுதியது சரி, அதைத் தப்பு என்று சொன்ன நான்தான் தப்பு என்றேன். அவர் காதில் கையை வைத்தார். முங்கி முங்கிக் காது போயிருந்தது. "கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றார். சத்தமாகச் சொன்னேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். தெருவில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் வகுப்பில் கத்துகிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். மகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது சரின்னு எனக்குத் தெரியும் சார். நாந்தான முங்குனேன். அவனுக்குத்தான் இத்தன வருசமாத் தெரியாம இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு பதினாலு வருஷம் நைஜீரியாவில் எத்தனையோ பிள்ளைகளின் தாள்களைத் திருத்தினேன். இன்றைக்கும் யாராவது எழுதியதைத் தப்பு என்று அடிக்கப் போனால், இந்த ஒரு கோட்டினால் எந்த வீட்டில் யாரைப் பொய்யராக்கப் போகிறேனோ என்று என் கை பயந்து நிற்கிறது.