நாளிதழ்களின் மேல் உட்காரும் வாசகர்

வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நூலகிக்குத் தலை கொதித்தது. வாரத்தில் ஒருநாள் கிளை நூலகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் பொறுப்பு. தன் நூலகத்தில் நடந்த ஒரு சிக்கலைத் தாளில் கதைபோல எழுதிக் கொடுப்பாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பாள்.

இன்றைய சிக்கல் இது: ஒரு பெரியவர் தினமும் கதவு திறந்ததும் வந்து எல்லா நாளிதழ்களையும் வாரிக்கொள்கிறார். ஒன்றைப் படிக்கிறார். மற்றவற்றின் மேல் உட்கார்ந்துகொள்கிறார்.

தாளில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பெரியவர் அவளுடைய மாமனார். வாசகர்கள் கூட்டாகப் புகார் அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வழி காணாவிட்டால் அவருடைய உறுப்பினர் அட்டையை அவளே ரத்து செய்ய வேண்டும். அப்புறம் வீட்டில் எப்படி அவர் முகத்தில் விழிப்பது?

"போர்டு வைக்கலாம் மேடம்" என்றார் மீசைக்காரர்.

"போன வாரமும் போர்டுதானே சொன்னீங்க?"

"அது சின்ன போர்டு மேடம். இது பெருசு."

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்கலாம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"மேலிடந்தாங்க உங்களைக் கேக்குது!"

கடைசி வரிசை அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவரு வீட்ல யாருமே இல்லையா மேடம்? மருமக கிருமகன்னு ஒருத்தி இருந்தா இப்படி விடுவாளா?"

நூலகியின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. "வீட்டு விஷயம் இதுல இல்ல."

"இல்லாம எப்படி? பேச்சுத் துணை இல்லாதவருதான் இப்படி உட்காருவாரு. பேப்பர் கேட்டு நாலு பேரு வருவாங்கல்ல? எடுத்துக் குடுக்குற வேலையை அவருக்கே குடுத்துடுங்க."

"அப்படியே சம்பளமும் குடுத்துடலாம்" என்றார் மீசைக்காரர். வகுப்பே சிரித்தது. நூலகி எரிச்சலோடு அடுத்த ஆளைக் கேட்டாள். அவரும் போர்டுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "மாமா, நாளையிலேர்ந்து எல்லாப் பேப்பரையும் வீட்டுக்கே போடச் சொல்லிடுறேன்" என்றாள்.

"எதுக்கு? சுவத்துக்கு வாசிச்சுக் காட்டவா?"

அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "அப்படின்னா இனிமே வர்றவங்களுக்கு நீங்கதான் பேப்பர் எடுத்துக் குடுக்கணும்!" கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு எந்த நாற்காலி?"

கேட்டவருக்கெல்லாம் பெரியவர் பேப்பர் எடுத்துக் கொடுக்கவே, வெள்ளிக்கிழமை புகார் கொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அட்டை தப்பியது. ஆனால் திங்கட்கிழமையே வேறு புகார் வந்துவிட்டது. பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் படித்ததைப் பற்றிப் பெரியவர் கேள்வி கேட்கிறாராம். பதில் சொல்லாதவருக்கு அடுத்த பேப்பர் கிடையாதாம்.

அடுத்த வகுப்புக்குப் புதுத் தாள் தயாரானது. முதல் வரியே, 'இந்தப் பெரியவர் என் மாமனார்.'

வகுப்பில் எல்லோரும் தாளைப் படித்தார்கள். கடைசி வரிசை அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மீசைக்காரர்தான் மெல்ல எழுந்தார்.

"மாமனாரா? அப்ப போர்டு வேணாம் மேடம்."