மன்னார் பிரேமலதாவுக்காக வேண்டிக்கொண்டவர்கள்

கேகாலைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தி வந்தால், டொரொண்டோவில் இருக்கும் நான் முதலில் அழைப்பது எங்கள் தெஹியோவிட்டத் தோட்டத்துக் கிருஷ்ணகுமாரி அக்காவைத்தான். தொழிலாளர் குடியிருப்பான லயம் இருக்கிறதா, மலை இருக்கிறதா என்று பதறிக் கேட்பேன். "லயம் இருக்கு, மல இருக்கு, நானும் இருக்கேன். பால்வெட்டுதான் இல்ல. நீ சாப்பிட்டியா?" என்பார். மழையில் ரப்பர் பால் வெட்ட முடியாது. அதனால் பேச நேரம் இருக்கும். இந்தக் கதை பெரும்பாலும் அப்படி மழை நாட்களில் துண்டு துண்டாக எனக்கு வந்து சேர்ந்தது.

குமாரி அக்காவுக்கு ஐம்பது வயது. பத்து வருடங்களுக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்தார். அப்போது பாஸ்டர், வேதத்திலிருந்து ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறார். "ஐடி கார்ட மாத்த நாலு தரம் அலையணுமுங்க. இந்தப் பேர்ல கூப்பிட்டாலே ஆண்டவருக்குக் கேக்கும்தானுங்களே?" என்றார் அக்கா. பாஸ்டரின் பெயர் இந்திரகுமார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவராலும் மேலே வற்புறுத்த முடியவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு அக்காவின் லயத்து வீட்டுக் காம்பராவில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் வேறு இரண்டு தோட்டங்களை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர நாலரை ஆகும். அதுவரை வந்தவர்களைக் கட்டிப்போட அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். அவிசாவளைச் சபையிலிருந்து வரும் சின்னப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை. லயத்தில் பாதிப்பேர் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், மீதிப்பேர் படிக்காதவர்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அக்கா மட்டும்தான். வரிக்குக் கீழே விரலை ஓட்டி ஓட்டி, ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பார். அவருடைய கணவர் கன்னையா மாரியம்மன் கோயில்காரர், கூட்டத்துக்குள் வரமாட்டார். வெளியே பலகைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு, கத்தி தீட்டுவதாகப் பாவனை செய்வார். அந்தத் தோட்டத்திலேயே அதிகமாகத் தீட்டப்பட்ட கத்தி அதுதான்.

கதையின் நாயகி பிரேமலதா, மன்னார்க் கரையோரத்துப் பெண். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் கணவன் காற்றோடு கடலுக்குப் போகிறான். திரும்பவில்லை.

கூட்டத்தின் மூலையில் சுப்பம்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய ஒரே மகன் சசி, 2016இல் மேசன் வேலைக்கென்று அரநாயக்கவுக்குப் போனவன். மலை இறங்கியபோது அவனும் மண்ணுக்குள் போனான். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சுப்பம்மா ஜெபத்தில் வாய் திறந்ததில்லை. "அவருக்கும் எனக்கும் பேச்சு இல்ல," என்பார்.

"பேச்சு இல்லன்னா எதுக்குக்கா கூட்டத்துக்கு வர்றீங்க?" என்று குமாரி அக்கா ஒருமுறை கேட்டார்.

"சண்ட அவர்கூட. ஒன் டீகூட எனக்கென்ன சண்ட?"

மூன்றாம் அத்தியாயம் வாசித்த ஞாயிறு, பாஸ்டர் வந்து ஜெபக் குறிப்பு கேட்டார். அக்கா கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார்: முழங்கால் வலி, ஓட்டைத் தகரம், சவூதியில் இருக்கும் மகள். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். "அந்த மன்னார் புள்ள பிரேமலதாவையும் எழுதிக்க குமாரி. புருஷன் கடலுக்குப் போயி இன்னும் வரல."

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு வாய் திறந்திருக்கிறார். அது கதை என்று சொல்லி அந்த வாயை அடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பாஸ்டர் கண்ணை இறுக மூடி, கடலையும் காற்றையும் அதட்டி, பிரேமலதாவின் கணவனைக் கரைக்கு வரச் சொல்லி உருக்கமாக ஜெபித்தார். சபைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவருடைய செய்தி வரும். அதை மட்டும் பார்த்துவிட்டு அவர் பத்திரிகையை மூடிவைத்துவிடுவார் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

பாஸ்டர் சொல்லி, அடுத்த மாதம் அவிசாவளைச் சபை முழுவதும் பிரேமலதாவுக்காக உபவாசம் இருந்தது. அங்கேயும் யாரும் கதைப் பக்கம்வரை போவதில்லை போலும். கன்னையா மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தார். "ஒரு பக்கம் மட்டும் சொல்லி வச்சா போதுமா?" என்று அதற்கு நியாயமும் சொன்னார்.

அக்காதான் உண்மையைச் சொல்லிவிடப் பார்த்தார். ஒருநாள் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது சுப்பம்மாவின் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தார். "அக்கா, பிரேமலதா கதைதானே…"

"எனக்கென்ன பிஸ்ஸா, பைத்தியமா? கதைன்னு தெரியாமலா? கதைக்குள்ள இருக்கிறவளுக்கு நம்மள விட்டா வேற யாரு வேண்டுவா?"

"அவர்கூட பேச்சு இல்லன்னீங்க."

"எனக்காகப் பேசல. அவளுக்காகத் தூது போறேன். அது கணக்குல வராது."

இதற்கிடையில் பாஸ்டர் ஒரு நல்ல செய்தியோடு வந்தார். மன்னாரில் அவருக்குத் தெரிந்த போதகர் ஒருவர் பிரேமலதாவை நேரில் போய்ப் பார்க்கத் தயாராம். "சிஸ்டரோட விலாசம் குடுங்க."

"கடற்கரையோரமுங்க."

"கடற்கர நீளமாச்சே சிஸ்டர். போன் நம்பர் இருக்கா?"

"போன அவரு கடலுக்குக் கொண்டு போயிட்டாருங்க."

இது பொய்யில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கடைசி அத்தியாயம் வந்தது. அவிசாவளையிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே அக்கா அதைப் படித்துவிட்டு, அன்று மாலை எனக்கு அழைத்தார். "தம்பி, அந்த ஆளு வரல. படகுல ஒரு பலகைதான் கரைக்கு வருது. இத எப்படி நான் சுப்பம்மாக்கா முன்னுக்கு வாசிப்பேன்? திரும்ப வாய மூடிக்கிட்டா இனி தொறக்கவே மாட்டாங்க."

எனக்கும் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குப் புத்தி கோணலாகத்தான் ஓடும். "மாத்திப் படிச்சிருங்கக்கா. வேற யாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மாற்றித்தான் படித்தார். பழக்கமில்லாத வேலை அல்லவா, கொஞ்சம் அதிகமாகவே மாற்றிவிட்டார். இந்தியக் கப்பல் ஒன்று கணவனைக் காப்பாற்றியது. ராமேஸ்வரத்தில் அவனுக்குச் சோறு போட்டு, புதுச் சட்டை கொடுத்து, ஒரு டாக்டரையும் கூடவே அனுப்பினார்கள். சுவருக்கு வெளியே கத்தி தீட்டும் சத்தம் நின்றது. "பாத்தீங்களா, தேங்கா வேல செஞ்சிருச்சு," என்றார் கன்னையா.

சுப்பம்மா சிரிக்கவில்லை. "குமாரி, ஒன் வெரலு எங்க?"

அக்கா குனிந்து பார்த்தார். விரல் மடியில் கிடந்தது.

"டாக்டர் வேற வாறாரு. வெரல வச்சுப் படி."

அக்கா விரலை வைத்தார். பலகை கரை ஒதுங்கும் இடத்திலிருந்து தொடங்கினார். பிரேமலதா அந்தப் பலகையை மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்காருகிறாள். 'காற்றை அதட்டத் தெரிந்தவரே, அன்றைக்கு எங்கே போயிருந்தீர்? நீர் பதில் சொல்லும்வரை நான் இங்கிருந்து எழும்பமாட்டேன்' என்கிறாள். இருட்டும்வரை இருக்கிறாள். பதில் வரவில்லை. மறுநாளும் அதே இடத்துக்கு வந்து, அதையே கேட்கிறாள். கதை அங்கே முடிகிறது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க்கா."

"மறுநாளும் போனாளா?"

"போனாளாம்."

"அப்படிக் கேட்டதுக்கு அவரு அவள வெரட்டலயா?"

அக்கா மறுபடி விரலை ஓட்டிப் பார்த்தார். "வெரட்டினதா எழுதலக்கா."

சுப்பம்மா டீக் கோப்பையைத் தரையில் வைத்தார். தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, எம் புள்ள ஒனக்கு என்னா செஞ்சான்?" என்று ஆரம்பித்தவர், அடுத்த இருபது நிமிடங்கள் நிறுத்தவில்லை. தமிழில் திட்டினார், தமிழ் போதாத இடத்தில் சிங்களத்தில் திட்டினார். சசிக்கு இருபத்திரண்டு வயது என்று சொன்னார். அவனுடைய மஞ்சள் சட்டையைச் சொன்னார், அன்று காலை அவன் மிச்சம் வைத்துப் போன ரொட்டியைச் சொன்னார். ஒன்பது வருடம் உள்ளே கிடந்த எல்லாவற்றையும் எடுத்து மேலே வீசினார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெளிவாக, "ஆமென்," என்றார்.

வாசலில் பாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அக்காவின் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார், சுப்பம்மாவைப் பார்த்தார். "அப்ப பிரேமலதா சிஸ்டர்…"

"கதைங்க," என்றார் அக்கா. "உங்க பத்திரிகைதானுங்க. பதினோராம் பக்கம்."

"சபையே பட்டினி கெடந்துச்சே சிஸ்டர். மன்னார் போதகருக்கு நான் என்னான்னு சொல்றது?"

பதில் சுப்பம்மாவிடமிருந்து வந்தது. "ஆண்டவரும் கதை சொன்னவருதானுங்களே பாஸ்டர். அதுல வர்ற ஆளுங்களுக்கெல்லாம் அவர்கிட்ட விலாசம் கேட்டீங்களா?"

பாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். உட்கார்ந்தார். அக்கா டீ கொடுத்தார். பாதி டீ குடித்த பிறகு அவர் கொப்பியை வாங்கி, பிரேமலதாவின் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீங்க," என்றார் சுப்பம்மா. "அவ புருஷன் இன்னும் வரல."

"அப்ப என் தேங்கா?" என்று வெளியிலிருந்து கேட்டது.

பாஸ்டர் அந்தப் பெயரை அப்படியே விட்டார். கீழே 'சுப்பம்மா' என்று எழுதிவிட்டு, "என்ன குறிப்புன்னு போடட்டுங்க?" என்று கேட்டார்.

"சண்ட நடக்குதுன்னு போடுங்க. ஆனா பேச்சு இருக்கு."

போன வாரமும் மழை எச்சரிக்கை. வழக்கம்போலப் பதறி அழைத்தேன். அக்கா எடுத்ததும், பின்னால் யாரோ உச்சக் குரலில் ஏசுவது கேட்டது.

"என்னக்கா சத்தம்? மலை கிலை எறங்கிருச்சா?"

"மல இருக்குப்பா," என்றார் அக்கா. "சுப்பம்மாக்கா ஜெபம் பண்றாங்க. நீ சாப்பிட்டியா?"